கோல் கணக்கில் வராதவர்: வட சென்னை ஸ்டாப்பர் பேக் ஒருவரின் ஆட்ட வாழ்க்கை

வட சென்னையில் ஃபுட்பால் ஆடிய ஒரு தடுப்பாட்டக்காரரின் கதை இது. பள்ளிப் பருவத்தில் தொடங்கி, வெளிமாநில கிளப்பில் சம்பளத்துக்கு ஆடி, 25 வயதில் ஆட்டத்தை விட்டு பூட்ஸைக் கழற்றியது வரை நடந்தது இங்கே இருக்கிறது. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர், கிளப், மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை. அவர் முதலில் ஆடிய பேட்டை கிளப்பில் நான் பயிற்சியாளராக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "ரயில்வே வேலையை விட்டான், வீணாப் போனான்." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பின்னணி

அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை, அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை. இரண்டு தங்கைகள். பத்து, பதினோரு வயதில் மைதானத்துக்கு வந்தபோது எல்லாப் பையன்களையும் போல ஃபார்வர்டு ஆடத்தான் வந்தார். பதினான்கு வயதில் திடீரென உயரம் போட்டது. அப்போது விளையாட்டு விடுதியில் சேர்ந்திருந்தார். அங்கிருந்த பயிற்சியாளர் பின்னால் இழுத்து ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரராக நிறுத்தினார். பையனுக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. விடுமுறைக்கு வந்தபோது, "சார், பேக்ல போட்டுட்டாங்க சார்" என்று கிட்டத்தட்ட அழுதார்.

பள்ளி முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. கூடவே சென்னை லீக்கில் ஓர் ஆபிஸ் டீமுக்கு ஒப்பந்த ஆட்டக்காரர். சென்னை லீக் பல காலமாக வங்கி, ரயில்வே, சுங்கம், வருமானவரி என்று ஆபிஸ் அணிகளால்தான் ஓடிவந்தது. நிரந்தர வேலையில் இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு வயதாகும்போது இளைஞர்களை மாதம் சில ஆயிரத்துக்கு எடுத்து ஆட வைப்பார்கள். அந்தப் பணத்தில்தான் அவர் முதன்முதலாக நல்ல பூட் வாங்கினார்.

காலமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 2014 அக்டோபரில் ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக், தொடங்கியது. 2015 டிசம்பரில், சென்னையில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நாட்களில், சென்னையின் அணி கோவாவில் இறுதி ஆட்டத்தை 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. அதுவரை எங்கள் மைதானத்தில் "நல்லா ஆடினா வேலை கிடைக்கும்" என்பதுதான் பேச்சு. அதற்கப்புறம் "நல்லா ஆடினா ஆட்டமே வேலை" என்று பையன்கள் பேச ஆரம்பித்தார்கள்.

மைதானத்தில் கண்டது

அவர் எப்படி ஆடுவார் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வேகம் நடுத்தரம். ஆனால் யாரும் அவரை வேகத்தில் தாண்டிப் போய் நான் அதிகம் பார்த்ததில்லை, ஏனென்றால் ஓட்டப்பந்தயம் வரைக்கும் விடவே மாட்டார். எதிரணி ஃபார்வர்டு பந்தோடு வரும்போது நேராக நிற்காமல் ஒருக்களித்து நிற்பார். முன் காலை எந்தப் பக்கம் வைக்கிறாரோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் ஃபார்வர்டு போக முடியும். அது பெரும்பாலும் அந்த ஆளின் பலவீனமான கால் இருக்கிற பக்கம். முதல் பத்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். தரையில் சறுக்கி டேக்கிள் போடுவது அபூர்வம். "கீழ விழுந்தா எழுந்திருக்கணும் இல்ல சார்" என்பார்.

இன்னொன்று, வாய். ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். "மேல வா மேல வா", "விடு, கீப்பர் பால்", "பின்னாடி ஆள் இருக்கான்", "உள்ள வராத, அங்கயே நில்லு." அவர் ஆடிய ஆட்டங்களில் இரண்டு விங் பேக்குகளும், அதாவது இரு ஓரத்திலும் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களும், நல்ல பெயர் வாங்கினார்கள். அவர் இல்லாத ஆட்டத்தில் அதே இரண்டு பேரும் தடுமாறினார்கள். எங்கள் டீமில் ஒரு சீசன் முழுக்க வாங்கிய கோல்கள் குறைந்ததற்கு அவர்தான் காரணம் என்று எனக்குத் தெரியும், சக ஆட்டக்காரர்களுக்கும் தெரியும்.

வேறு யாருக்கும் தெரியாது. ஸ்கோர் ஷீட்டில் கோல் போட்டவன் பெயர் இருக்கும், மஞ்சள் அட்டை வாங்கியவன் பெயர் இருக்கும். இவர் கோலும் போடவில்லை, அட்டையும் வாங்கவில்லை. அதே டீமில் ஆடிய ஃபார்வர்டு பையன், பேப்பரில் பெயர் வந்த துண்டுகளை ஒரு ஃபைலில் ஒட்டி வைத்திருந்தான். டிரையல்ஸ் போகும்போதெல்லாம் அந்த ஃபைலும் கூடப் போகும். இவர் கையில் பள்ளி நாள் சான்றிதழ்கள் மட்டும்தான். இந்தக் குறை பின்னால் மூன்று இடங்களில் அவர் காலை வாரியது.

முதல் முடிவு: ரயில்வேயா, கிளப்பா

2016-ன் பிற்பகுதி. வயது 21. ஒரே சமயத்தில் இரண்டு வாய்ப்பு வந்தது. ஒன்று ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டு டிரையல்ஸ். இன்னொன்று, ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் இரண்டாம் டிவிஷனில் ஆடும் ஒரு வெளிமாநில கிளப்பின் ஒப்பந்தம்.

ரயில்வேயில் கிடைத்தால் அநேகமாகக் கீழ்நிலைப் பணிதான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அதன் அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். கிளப் சொன்ன தொகை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் சீசன் மாதங்களுக்கு மட்டும். அம்மாவின் கணக்கு எளிமையானது: "கால் உடைஞ்சாலும் ரயில்வேக்காரன் சம்பளம் போடுவான்டா." அவர் பதில்: "இன்னும் நாலு வருஷம் இருக்கும்மா, அப்புறம்கூட எழுதலாம்."

நான்கு வருஷம் என்பது ஏறக்குறையச் சரியான கணக்குதான். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25. எந்தப் பிரிவினருக்கும் அதில் தளர்வு கிடையாது. அவர் பார்க்காமல் விட்டது தேர்வு மதிப்பெண்ணை. மொத்தம் 100-இல் டிரையல்ஸுக்கு 40, விளையாட்டுச் சாதனைகளுக்கு 50, படிப்புக்கு 10. அந்த 50-க்குக் கணக்கில் வருபவை அண்மைய ஆண்டுகளின் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகள். தேசிய சீனியர் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி போன்றவற்றில் அணி பிடித்த இடம் பார்க்கப்படும். ஃபுட்பாலில் தேசிய சீனியர் போட்டி என்றால் மாநில அணிகள் ஆடும் சந்தோஷ் டிராபி. கிளப்போடு ஒப்பந்தத்தில் இருப்பவனை மாநில அணிக்கு விடுவது கிளப்பின் விருப்பம். ஆக, வயதுக் கடிகாரம் நான்கு ஆண்டு ஓடினாலும் சாதனைக் கடிகாரம் அதற்கு முன்பே நின்றுவிடும்.

கிளப்பைத் தேர்ந்தெடுத்தார். என்னிடம் கேட்டபோது, 21 வயதில் போகாவிட்டால் எப்போதும் போக முடியாது என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். டிரையல்ஸில் தேர்வாகியிருப்பார் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு ஸ்டாப்பர் பேக் நாற்பது நிமிட டிரையல்ஸில் என்னத்தைக் காட்டிவிட முடியும்? பந்து அவர் பக்கம் வரவில்லை என்றால், அது அவர் சரியாக நின்றதால்தான் என்பதை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கவனித்தால் உண்டு.

வெளிமாநிலத்தில்

முதல் சீசன் பாதி பெஞ்சில் போனது. மொழி தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் ஓர் அறை. சீனியர் ஸ்டாப்பருக்குக் காயம் ஏற்பட்டதும் உள்ளே வந்தார், அப்புறம் வெளியே போகவில்லை. பேசிக்கொண்டே ஆடுகிறவருக்கு மொழி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. மூன்று மாதத்தில் அவர்கள் மொழியில் பத்துப் பதினைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டு அதையே கத்தியிருக்கிறார்.

அந்த டிவிஷன் ஆட்டங்கள் பெரும்பாலும் டிவியில் வரவில்லை. கிளப்பும் ஒழுங்காக வீடியோ எடுத்து வைக்கவில்லை. இரண்டாம் சீசனுக்கு முன் வேறொரு பெரிய கிளப்பிலிருந்து ஏஜென்ட் ஒருவர், "வீடியோ இருந்தா அனுப்பு" என்று கேட்டார். யாரோ நண்பர் கேலரியிலிருந்து போனில் எடுத்த நாலைந்து துண்டுகள்தான் இருந்தன. அவற்றில் இவர் பந்தைத் தூக்கி வெளியே அடிப்பது தெரியும். அதற்கு முன் எங்கே நின்றார், யாரைக் கூப்பிட்டார் என்பது எதிலும் இல்லை. ஏஜென்டிடமிருந்து மறுபடி பதில் வரவில்லை. சரி, அதே கிளப்பில் இன்னொரு சீசன் என்று கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வரவில்லை. முதல் பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் மட்டும் போனில் படம் எடுத்து வைத்திருந்தார்.

முட்டி

2018 ஏப்ரலில் வெளியூர் ஆட்டம் ஒன்றில் கார்னர் பந்துக்கு எம்பி, தலையால் தட்டிவிட்டு, வலது காலில் இறங்கினார். யாரும் மோதவில்லை. கால் தரையில் ஊன்றியது, முட்டி உள்பக்கமாக மடிந்தது. உள்ளே ஏதோ "டப்"பென்று தெறித்த மாதிரி இருந்ததாகச் சொன்னார். எழுந்து நடந்தார். நடக்க முடிந்ததுதான் பிரச்சினை. நடக்கிறாரே என்று எல்லோரும் சுளுக்கு என்று நினைத்துவிட்டார்கள். இரவுக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது.

மோதலே இல்லாமல் தெறிக்கும் சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம் என்றால் முன் சிலுவைத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., கிழிந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கிளப்பில் மசாஜ் செய்பவர் இருந்தார், தகுதி பெற்ற பிசியோ இல்லை. ஐஸ், எண்ணெய், கட்டு. வீக்கம் வடிந்ததும் லேசாக ஓட வைத்தார்கள். திரும்பும்போது முட்டி நழுவியது. எம்.ஆர்.ஐ. எடுக்க மூன்று வாரம் கழித்துச் சென்னைக்கு வர வேண்டியிருந்தது. ஏ.சி.எல். முழுக்கக் கிழிசல், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸிலும் உள்பக்கம் கிழிசல். எங்கள் பக்கத்தில் சொல்வதானால், ஜவ்வு போச்சு. மெனிஸ்கஸ் முதல் நாளே கிழிந்ததா, அந்த மூன்று வார ஓட்டத்தில் கிழிந்ததா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மே மாதம் ஒப்பந்தம் முடிந்தது. காயத்துக்கான செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஏதோ இருந்தது என்பது அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பக்கம்தான் போனில் இல்லை. கிளப் ஒரு சிறு தொகை அனுப்பியது. மீதிக்கு அம்மாவின் வளையல், அப்பாவின் மேஸ்திரியிடம் கடன். ஜூனில் தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. தொடைப் பின்தசை நாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள்.

ஆறாம் மாதம்

டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருந்தார்: ஒன்பது மாதத்துக்கு முன் போட்டி ஆட்டம் கூடாது. காரணம் இருக்கிறது. நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடப் போட மறுபடி காயமாகும் விகிதம் சுமார் 51 சதவீதம் குறைந்தது. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயமான காலின் பலம் மற்றக் காலில் 90 சதவீதத்துக்காவது வர வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஒற்றைக்காலில் குதித்துத் தூரம் அளப்பது போன்ற சோதனைகளால் அதைப் பார்ப்பார்கள்.

அவர் ஆறாம் மாதமே ஆடப் போனார். 2018 டிசம்பர், கேரளாவில் மலப்புறம் பக்கம் செவன்ஸ் சீசன், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்கே கையில் காசு. தங்கை கல்லூரிக் கட்டணம் பாக்கி, மேஸ்திரி கடனுக்கு வட்டி. மூன்று மாதச் சம்பளத்தைக் கிளப் இன்னும் தரவில்லை. நேரான ஓட்டத்தில் முட்டி வலிக்கவில்லை. பிசியோதெரபிக்குக் காசு இல்லாமல் நாலாம் மாதத்தோடு நிறுத்தியிருந்ததால், குதித்து அளக்கும் சோதனை எதுவும் நடக்கவில்லை. வலி இல்லாததையே அவர் குணமாக எடுத்துக்கொண்டார்.

முதல் சில வாரம் நன்றாகவே போனது. செவன்ஸில் மைதானம் சிறியது, தரை கெட்டி, ஆள் குறைவு. நிமிடத்துக்கு நிமிடம் நின்று திரும்ப வேண்டும். புது ஜவ்வுக்கு இதைவிட மோசமான ஆட்டம் கிடைப்பது கஷ்டம். ஜனவரியில் ஓர் ஆட்டத்தின் பாதியில் திரும்பும்போது மறுபடி அதே தெறிப்பு. இந்த முறை என்னவென்று அவருக்கே தெரிந்திருந்தது.

சம்பள பாக்கி

பாக்கிச் சம்பளத்தைப் பற்றி அதுவரை கிளப்புக்கு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. போனில் கேட்டார், "அடுத்த வாரம்" என்றார்கள். எழுதிக் கேட்டால் கெட்ட பெயர் வரும், வேறு கிளப் எடுக்காது என்ற பயம். இந்தப் பயம் பல ஆட்டக்காரர்களுக்கு உண்டு. 2018 ஜூனில்தான் ஃபிஃபா விதிகளில், இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால் எழுத்தில் தெரிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு சேர்ந்தது. இவருடைய ஒப்பந்தம் அதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் எழுத்தில் கேட்பது என்ற பழக்கத்துக்கு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2019-இல் கூட ஆடிய ஓர் அண்ணன் சொல்லிக் கொடுத்து, ஆட்டக்காரர், கிளப் தகராறுகளைப் பார்க்கும் அகில இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் நிலைக் குழுவுக்குப் புகார் எழுதினார். ஒப்பந்தத்தின் நடுப்பக்கங்கள் இல்லை. கைகொடுத்தது வங்கிப் புத்தகம். முந்தைய மாதங்களில் ஒரே தேதியை ஒட்டி ஒரே தொகை வந்திருந்தது, கடைசி மூன்று மாதம் வரவில்லை. அதை வைத்துப் பேசி முடித்தார்கள். பாக்கியில் ஒரு பகுதி கிடைத்தது. மருத்துவச் செலவைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை, ஏனென்றால் அதற்கான பக்கம் கையில் இல்லை.

25 வயது

இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லை. முட்டிக்கு பிரேஸ் போட்டுக்கொண்டு 2019-இல் சென்னை லீக்கில் ஆடினார். நான் போய்ப் பார்த்தேன். நிற்கும் இடம் அப்படியே இருந்தது, வாய் அப்படியே இருந்தது. ஆனால் எம்பும் முன் ஒரு யோசனை வந்துவிட்டது. ஸ்டாப்பருக்கு அந்தக் கால் நொடி போதும், பந்து தலைக்கு மேல் போய்விடும். எதிரணிகளும் கவனித்துவிட்டார்கள். உயரப் பந்தாகவே போட்டார்கள்.

2020 தொடக்கத்தில் 25 முடிந்தது. ரயில்வே கதவு மூடியது. வயது இருந்திருந்தாலும், சந்தோஷ் டிராபியில் ஆடாத, கிளப்பிலும் ஆட்ட விவரம் ஏதும் கையில் இல்லாத ஒருவர் அந்த 50 மதிப்பெண்ணில் எதைக் காட்டியிருப்பார் என்பது வேறு விஷயம். மார்ச்சில் ஊரடங்கு வந்து லீக் நின்றது. மறுபடி தொடங்கியபோது அவர் பதிவு செய்துகொள்ளவில்லை. விடைபெறும் ஆட்டம், மாலை, எதுவும் கிடையாது.

அதன் பிறகு

ஊரடங்கில் உணவு டெலிவரி வேலை பார்த்தார். பைக் ஸ்டாண்டு போட்டு இறங்கும்போது முட்டி நழுவும். 2021-இல் கூட்டமைப்பின் டி-லைசென்ஸ் பயிற்சி முடித்தார். பயிற்சியாளர் படிக்கட்டில் அது கீழ்ப்படிகளில் ஒன்று. தனியார் பள்ளி ஒன்றில் ஒப்பந்தப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மாலையில் எங்கள் கிளப். 2022-இல் மீண்டும் அறுவை சிகிச்சை. இம்முறை மெனிஸ்கஸின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஆட முடியாது, ஆனால் நின்று சொல்லிக்கொடுக்க முடிகிறது, மாடி ஏற முடிகிறது. சம்பளம் 2016-இல் கிளப் கொடுத்ததைவிடக் குறைவு. கடன் அடைந்துவிட்டது. தங்கை படிப்பை முடித்துவிட்டாள்.

என்ன மாற்றினோம்

கிளப்புக்குப் போனது தவறு என்று நான் எண்ணவில்லை. இந்த வாழ்க்கையை முறித்த இடங்கள் வேறு: எம்.ஆர்.ஐ.க்கு முந்தைய மூன்று வாரம், போனில் இல்லாத அந்த நடுப்பக்கங்கள், சோதிக்காத கால். இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது, தன் வேலையை யாருக்கும் காட்ட முடியாத ஓர் இடத்தில் அவர் ஆடினார் என்பது. பேரம் பேசவும் முடியவில்லை, மாறிப் போகவும் முடியவில்லை. காயம்பட்ட பிறகு "இவரைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம்" என்று கிளப்புக்குத் தோன்றவும் இல்லை.

இப்போது எங்கள் கிளப்பில் 16 வயதுக்கு மேற்பட்ட தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஆடிய நிமிடம், எதிரணி, வாங்கிய கோல், எந்தக் கோலில் யார் எங்கே நின்றார்கள். எழுதுவது அவர்தான். ஆட்டத்தை மைதானத்தின் ஒரு மூலையில் மாடியிலிருந்து போனில் முழுசாக எடுக்கிறோம். பந்தைத் துரத்தாமல் பின்வரிசை எப்போதும் படத்தில் இருக்கும்படி எடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. போன வருடம் ஒரு பையன் அந்த வீடியோவைக் காட்டித்தான் வெளியூர் கிளப் ஒன்றில் டிரையல்ஸ் வாங்கினான். ஒப்பந்தம் என்றால் எல்லாப் பக்கமும் படமெடுத்து எங்களுக்கும் ஒரு நகல் வர வேண்டும், கையெழுத்து அப்புறம்தான். கிளப்பில் ஆடும் பையன்களிடம், மாநில அணித் தேர்வுக்கு விடுவார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்கச் சொல்கிறோம். முட்டி வீங்கினால் ஒரு வாரத்துக்குள் டாக்டர், சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. அதற்கென்று பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறு நிதி வைத்திருக்கிறோம். ஓர் அறுவை சிகிச்சைக்கு அது காணாது, ஸ்கேனுக்குக் காணும்.

தீராதது செவன்ஸ் விஷயம். பையன்களை அங்கே அனுப்பவே கூடாது என்பது என் கருத்து. அவர் ஒப்புக்கொள்வதில்லை. "போகாதேன்னு நாம சொல்லிடலாம் சார், வாடகையை யார் குடுப்பாங்க?" என்கிறார். பேசிப் பேசி ஒரு இடத்தில் வந்து நிற்கிறோம்: கடந்த ஓராண்டில் முட்டி, கணுக்கால் காயம் பட்டவர்கள் போகக் கூடாது, மற்றவர்கள் போகலாம். ஒற்றைக்கால் சோதனையை அவரே எடுக்கிறார், டேப்பைப் பிடித்துக்கொண்டு. சென்ற சீசனில் இரண்டு பேரை அவர் நிறுத்தினார். ஒருவன் கேட்டுக்கொண்டான், இன்னொருவன் சொல்லாமல் போய் ஆடிவிட்டு வந்தான்.